ஊருக்கு ஓர் உடம்பு

"ஒரு கம்பி மத்தாப்புகூடவா கிடையாது?"

"கிடையாது."

"அதுல சத்தமே வராதே."

"பொகை வருமே. மேல தூங்குறவங்களுக்குத் தொண்டை கமறும்."

மேலே தூங்குகிறவர்கள் என்று அழகுநாச்சி சொன்னது வௌவால்களை. வாவலாங்குடியில் அவற்றை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. கோயில்காட்டு ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் அத்தனையும் அந்த ஊருக்கு 'மேல தூங்குறவங்க'. அவற்றின் தூக்கம் கெடக்கூடாது என்று ஊரில் எந்தக் காலத்திலும் பட்டாசு வெடித்ததில்லை.

வெடிச் சத்தத்தில் வளர்ந்த அடைக்கலத்துக்கு அது தலைதீபாவளி. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வெளியூரிலிருந்து பெண் வீட்டுக்கு வருவான். அடைக்கலம் அடுத்த அறையிலிருந்து வந்தான். நாச்சியால் அந்த ஊரை விட்டு வேறெங்கும் போய் வாழ முடியாது என்பதால், மணமேல்குடிக் கடற்கரையை விட்டுவிட்டு அவன்தான் இங்கே வந்திருந்தான்.

தலையில் எண்ணெய் வழிய முற்றத்தில் மணைமேல் உட்கார்ந்திருந்தவன், சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டான். "சரி, வெடிய விடு. இந்த வேலைய எப்ப விடுவே?"

"வேற யாராவது வந்தா."

"கேட்டாத்தானே வருவாங்க. நீ யாரையாச்சும் கேட்டியா?"

சீயக்காயைக் கரைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "கேட்டு, யாருமே வரலைன்னா? அதுக்கப்புறமும் இவங்க மூஞ்சியிலதானே நான் தெனமும் முழிக்கணும்?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு எத்தனையோ தீபாவளிகள் போய்விட்டன. கேட்க நினைத்ததை நாச்சி இன்னும் கேட்கவில்லை. இந்த ஐப்பசியில், மழையே பார்க்காத கோயில்காட்டில், ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சுதான் அவளுக்கு நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு விடுவதுதான் அவள் வேலை. காலையில் அங்கே சிறிது நேரம். பிறகு ஊரின் மாட்டுக் கொட்டில்களில் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு ஊரணித் தண்ணீரில் ஒரு வாய். இடது தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள் அரிசி மணி அளவில் ஒரு சில்லு இருந்தது. அவள் மூச்சில் போனது, நாக்கில் பட்டது, தோலில் ஒட்டியது எல்லாவற்றுக்கும் அவள் ரத்தம் என்ன பதில் சொல்கிறது என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதை மாவட்ட மையத்துக்கு அனுப்பும். மையம் அதை ஒரு நிறமாக்கி ஊர் முகப்பிலிருக்கும் பலகையில் எரியவிடும். பச்சை என்றால் பஸ் ஊருக்குள் வரும், பால் வண்டி வரும், பெண் பார்க்க வருவார்கள். மஞ்சள் என்றால் எதுவும் வராது. சிவப்பை அந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை.

எங்கோ ஒரு பழத்தோட்டத்தில் தொடங்கிய காய்ச்சல் நகரங்களைக் காலிசெய்துவிட்டுப் போன பிறகு வந்தது இந்த 'ஓருயிர்த் திட்டம்'. மனிதனுக்கும் மாட்டுக்கும் மரத்தில் தொங்குவதற்கும் தனித்தனி வைத்தியம் பார்த்தது போதும், மூன்றும் ஒரே உடம்பு என்று நினைத்துப் பார்ப்போம் என்றார்கள். காடும் கால்நடையும் மனிதர்களும் நெருங்கிக் கிடக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு காவலுடல். முன்பெல்லாம் அதற்குக் கோழிகளைக் கூண்டில் வைத்திருந்தார்களாம். ஆள் எடுக்க வந்தபோது டாக்டர் ஷெரீன் இதை ஊர்க்கூட்டத்தில் விளக்கினார். அப்போது அவர் படிப்பு முடித்து வந்த புதிது.

"கோழி செத்த பிறகுதான் சொல்லும்மா. மனுஷ ஒடம்பு சாகாமலே சொல்லும். மாசாமாசம் ஊசி போட்டுருவோம். காய்ச்சல் உங்களைத் தொடாது. அதோட நிழல் மட்டும் ரத்தத்துல விழும். அதைப் பார்த்து நாங்க ஊரைக் காப்பாத்திடுவோம்."

பெண்களின் உடம்புதான் நுணுக்கமாகச் சொல்லும் என்றும், அந்த ஊரிலேயே பிறந்து அந்தக் காற்றிலேயே வளர்ந்தவளாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த வாரம் ஊர்த்தலைவரான அம்பலத்தின் வீட்டுப் பெண் கோயம்புத்தூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். இன்னும் பல வீட்டுப் பெண்களுக்கும் அந்த வாரம் வெளியூரில் வேலை இருந்தது. நாச்சிக்கு அப்பா இல்லை. போக அத்தை வீடும் இல்லை.

அதற்குப் பிறகு ஊரே அவளைத் தாங்கியது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. கோயிலில் முதல் திருநீறு அவளுக்கு. கல்யாண வீட்டில் முதல் பந்தி. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "ஒடம்பு சொகந்தானா?" சுகம் என்று அவள் சொன்னதும் அவர்கள் முகம் தெளியும். ஆரம்பத்தில் அவளுக்கு அது இதமாக இருந்தது. அவர்கள் விசாரிப்பது தங்கள் உடம்பைத்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அவளோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். அவளுக்குக் கோபம் வந்து ரத்தம் கொதித்தால் பலகை மஞ்சளாகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டது அப்படியே நின்றுவிட்டது. கட்டின கணவனே சண்டை போடுவதில்லை. கோபம் வந்தால் அடைக்கலம் தான் வேலை பார்க்கும் பால் சொசைட்டிக்குப் போய், கழுவி வைத்த கேன்களை மறுபடியும் தேய்த்துக் கழுவுவான். "மாப்ள கேன் பளபளன்னு இருக்கே, வீட்டுல என்ன விசேஷம்?" என்று சொசைட்டியில் கேலி செய்வார்கள்.

பிள்ளைதான் கூடாது. கர்ப்பம் என்றால் பெண்ணுடம்பு தன் காவலைத் தளர்த்திக்கொள்கிறது, உள்ளே வளர்வதை எதிர்க்காமல் விட்டுக்கொடுக்கிறது, அப்போது சில்லு குருடாகிவிடும் என்றார்கள். அதற்கும் அந்த மாத ஊசியிலேயே மருந்து கலந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்ட முடிவல்ல அது. நாச்சி கேட்டு, தலையாட்டி, ஒப்புக்கொண்டதுதான். அப்போது அவளுக்குப் பிள்ளை என்பது பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இருக்கும் ஒரு பொருள் மாதிரி இருந்தது.

இந்த வருடம் ஊரணி வறண்டு வெடித்துவிட்டது. பகலில் மரத்திலிருந்து வௌவால்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. நாச்சிக்குச் சாயங்காலமானால் தலை பாறையாகக் கனத்தது. உள்ளங்கை எரிந்தது. மரத்தில் தவிப்பவர்களின் தாகம்தான் அவள் உடம்பில் எரிகிறது என்று நினைத்த அடைக்கலம், பார்க்கப் பொறுக்காமல் ஒரு வேலை செய்தான். ஆலமரத்தை ஒட்டி இருந்த மாட்டுத் தொட்டியைச் சுத்தம்செய்து, லாரித் தண்ணீர் வாங்கி, தினமும் மாலையில் விளிம்பு தட்ட நிரப்பி வைத்தான். இருட்டியதும் மேலே தூங்குகிறவர்கள் இறங்கி வந்து, பறந்தபடியே தண்ணீரை உரசிக் குடித்துவிட்டுப் போனார்கள். இதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் சின்னம்மா, தொட்டிக்கு மேலே ஒரு கொடிக்கயிறு கட்டி அதில் கனிந்த பப்பாளியும் வாழைப்பழமும் தொங்கவிட்டாள். மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஒரு பழம் வந்தது. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள்.

நாச்சிக்குத் தலைக்கனம் குறைந்தது. இரவில் தூங்கினாள். "பாத்தியா, அவங்க தாகம் அடங்கினா ஒனக்கும் அடங்குது" என்று அடைக்கலம் பெருமையோடு சொன்னான். தன்னைப் பார்த்து யாரோ தண்ணீர் வைத்தார்கள் என்பதே அவளுக்கு நிறைவாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரத்தில் பலகை மஞ்சளானது.

முதலில் பால் வண்டி முகப்பிலேயே திரும்பிப் போனது. அடைக்கலம் காலையில் கறந்த பால் முழுவதையும் சொசைட்டிக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினான். பஸ் நிற்கவில்லை. வெளியூரிலிருந்து தீபாவளிக்கு வருவதாக இருந்த ஊர்ப் பிள்ளைகள் வர முடியாதென்று போன் செய்தார்கள். நாச்சி தெருவில் நடந்தபோது எல்லாரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டார்கள்.

நடுப்பகலில் மையத்தின் ஜீப் வந்தது. அதன் பின்னால் ஒரு வேன். வேனிலிருந்து இறக்கியவற்றைப் பார்த்து ஊரே வாயடைத்துப் போனது. சரவெடி, அணுகுண்டு, வானத்தில் போய் வெடிப்பவை என்று அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பட்டாசு.

பால் சொசைட்டியின் உள்ளறையில் டாக்டர் ஷெரீன் நாச்சியையும் அடைக்கலத்தையும் உட்கார வைத்துப் பேசினார். இத்தனை வருடத்தில் அவருக்கும் தலையில் நரை விழுந்திருந்தது. மேலிடத்து உத்தரவு என்றார். மஞ்சள் தொடர்ந்தால் சந்தேகம் மரத்தின் மேல்தான் விழும், வௌவால்களை வெடிவைத்துக் கலைத்துவிட வேண்டும், இது எல்லா ஊருக்கும் பொதுவான விதி. ஆனால் தனக்கு இதில் சம்மதமில்லை.

"பயந்தா, பட்டினி கெடந்தா அதுங்க ஒடம்புல அடங்கிக் கெடக்கிற கிருமி வெளியில வரும் நாச்சி. வெடி போட்டா அதுங்க பத்து ஊருக்குப் பறந்து போய் அங்கெல்லாம் கொட்டும். எழுதிப் பார்த்துட்டேன். வேற காரணம் காட்டு, நிறுத்தறோம்னு சொல்றாங்க. காரணம் எனக்குத் தெரியலை."

"சில்லு என்ன சொல்லுது டாக்டர்?" என்று கேட்டான் அடைக்கலம்.

"அதான் குழப்பம். இதுவரைக்கும் இப்படி ஒண்ணு வந்ததே இல்லை. தெரியாத ஒரு உயிர் ஒடம்புக்குள்ள வந்திருக்கு. வளருது. ஆனா ஒடம்பு அதை எதிர்க்கலை. எடம் குடுக்குது."

நாச்சி கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். போன மாதம் ஊசி வண்டி நாள் தவறி வந்தது அவளுக்கு நினைவு வந்தது. அதன் பிறகு நாள் தள்ளிப் போயிருந்தது. வறட்சி, அலைச்சல், தலைக்கனம் என்று அவளே அவளுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். காரணங்கள் எல்லாம் அந்த அறையில் ஒவ்வொன்றாக நழுவிப் போயின. அவள் கை தானாகப் போய் வயிற்றின் மேல் படிந்தது.

அடைக்கலம்தான் முதலில் அதைப் பார்த்தான். அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "நாச்சி" என்றான்.

"எனக்கும் இப்பத்தாங்க தெரியுது" என்றாள் அவள்.

டாக்டர் ஜீப்பிலிருந்து பெட்டியை எடுத்து வந்து பரிசோதித்தார். முடிவைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலையவிருந்த மரம் தப்பியது, பத்து ஊர் தப்பியது, ஒரு பிள்ளைதான் இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம் என்று தன் உதவியாளரிடம் போனில் சொன்னார். அடைக்கலம் துடைத்த மேசையைத் துணியால் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் பலகையையும் வேனையும் வெளியில் நிற்கும் கூட்டத்தையும் மறந்து, அந்த மூன்று பேரும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தார்கள்.

பிறகு டாக்டர் கணினியைத் திறந்தார். கர்ப்பம் என்பதைச் சொல்லிக்கொடுத்து, அதனால் வந்த மாற்றத்தைக் கழித்துவிட்டு மீதியைக் காட்டச் சொன்னார். பச்சை வரும் என்று எதிர்பார்த்து மூன்று பேரும் குனிந்தார்கள்.

வரவில்லை. மங்கலான மஞ்சள் இன்னும் மீதியிருந்தது.

"இது புள்ளை இல்லை" என்றார் டாக்டர் மெதுவாக. "இதுக்கு அடியில வேற ஒண்ணு ஒளிஞ்சிருக்கு."

மரத்தடிக்குப் போனார்கள். வெயில் இன்னும் தணியவில்லை. மேலே வௌவால்கள் சிறகால் விசிறிக்கொண்டிருந்தன. டாக்டர் மரத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். கடைசியில் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். பஞ்சவர்ணம் சின்னம்மாவின் சிவலைப் பசு தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தியது. பிறகு கொடிக்கயிற்றின் கீழே சிதறிக் கிடந்ததை நாவால் துழாவி எடுத்து மென்றது. வௌவால்கள் சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய பழச்சக்கை. எச்சில் காயாத சக்கை.

டாக்டர் தொட்டியையும் கயிற்றையும் காட்டினார். "இது யாரோட யோசனை?"

"என்னோடது" என்றான் அடைக்கலம்.

"மரத்தை அளந்தோம், மாட்டை அளந்தோம், மனுஷங்களை அளந்தோம். நடுவுல இருந்த தொட்டிய நாங்க பாக்கவே இல்லை."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது அடைக்கலத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன் சட்டென்று கொடிக்கயிற்றை அறுக்கப் போனான். டாக்டர் தடுத்து, கையுறை கொடுத்த பிறகுதான் விட்டார். பப்பாளிகளை அவன் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். "அவளுக்குத் தலைவலி கொறைஞ்சுது டாக்டர். அது நெசம்" என்று மட்டும் ஒரு முறை சொன்னான்.

அது நிஜம்தான் என்றார் டாக்டர். வௌவால்களின் தவிப்பு அடங்கியதால் ஒரு பக்கம் தணிந்தது. இன்னொரு பக்கம் மாடுகளுக்குள் மெல்லக் கசிய ஆரம்பித்தது. நாச்சியின் ரத்தம் இரண்டையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதன் மேல் பிள்ளையும் வந்து உட்கார்ந்துவிட்டதால் சொல்வது கலங்கிவிட்டது. போகப்போக ஒன்றுமே கேட்காது. மாடுகளைப் பிரித்துக் கட்டினால், தொட்டியை மூடினால், எல்லாருடைய ரத்தத்தையும் ஒரு முறை சோதித்தால் இதுவரை நடந்ததைத் தடுத்துவிடலாம். மேலே தூங்குகிறவர்களுக்கு மாடு எட்டாத இடத்தில் தண்ணீர் வைக்கலாம். அதன் பிறகு யார் காவல்?

மூவரும் கோயில்காட்டின் ஓரத்தில், மரத்திலிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள். டாக்டர் மண்ணைப் பார்த்தபடி பேசினார்.

"இன்னையோட உனக்கு ஊசிய நிறுத்தணும். ஊசி இல்லாம நீ இந்த மரத்தடிக்கு வரக்கூடாது. காய்ச்சல் உனக்கே வந்துடும். காவலுடல் இல்லாத ஊருன்னா விதி என்னன்னு உனக்குத் தெரியும். மாடுங்களைக் கொண்டுபோயிடுவாங்க. மரத்தைக் கலைச்சுடுவாங்க. கார்த்திகை பொறக்கிற வரைக்கும் நான் எதையாவது சொல்லி இழுத்துப் பிடிக்கிறேன். அதுக்குள்ள புதுசா ஒருத்தர் ஊசி போட ஆரம்பிச்சாகணும்."

"இல்லைன்னா?"

"இன்னொரு வழி இருக்கு. அதை என் வாயால சொல்லமாட்டேன்."

"சொல்லாதீங்க" என்றான் அடைக்கலம்.

தான் அந்த இடத்துக்கு வருவதாக அவன் சொன்னான். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். இந்தக் காற்றில் பிறந்து வளராத உடம்புக்கு எது வழக்கம், எது புதுசு என்று பிரிக்கத் தெரியாது. அவன் எத்தனை வருடம் இருந்தாலும் கடற்கரைக்காரன்தான்.

"அப்ப ஊர்ல எந்தப் பொண்ணக் கேக்கறது?" என்றாள் நாச்சி. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணையும் அவள் மனதுக்குள் நிறுத்திப் பார்த்தாள். தன் கழுத்திலிருந்த நுகத்தைக் கழற்றி இன்னொருத்தி கழுத்தில் மாட்டுவது போல இருந்தது.

டாக்டர் சிறிது தயங்கினார். "பொண்ணாத்தான் இருக்கணும்னு இல்லை."

"அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க?"

"அன்னைக்கு எங்கேயும் ஆம்பளைங்க ஒருத்தர்கூடப் பேர் குடுக்கலை. அதுக்கு ஒரு காரணம் எழுதிக் குடுத்தாங்க. நான் அதை வாசிச்சேன்." அவர் நாச்சியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்கம்மா."

நாச்சி புடவையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு எழுந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அடைக்கலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தெருவில் அவன் அப்படிச் செய்ததே இல்லை.

"வெறும் தண்ணிதான் வச்சேன் நாச்சி."

"தெரியும்."

"நாம ராவோட ராவா மணமேல்குடிக்குப் போயிடலாமா?"

"போயிட்டா இவங்க வெடிய வெடிப்பாங்க. அது அங்கேயும் பறந்து வரும்" என்றாள். பிறகு, "நீங்க கேன் கழுவப் போகலையா?" என்று கேட்டாள். அவன் சிரிக்க முயன்று தோற்றான்.

வெயில் சாய்ந்ததும் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஊர் முகப்புப் பலகையில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே பட்டாசு வேன் நின்றது. விடலைகள் இரண்டு பேர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வாழ்நாளில் முதல் முறையாகச் சொந்த ஊரில் வெடி வெடிக்கப்போகும் ஆசை அவர்கள் முகத்தில் மறைக்க முடியாமல் தெரிந்தது. வயதானவர்கள் மரத்தின் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நாச்சி வந்ததும் வழக்கம்போலப் பாய் விரித்தார்கள். அவள் உட்காரவில்லை. ஊர் அம்பலம் ராசு எழுந்து, எத்தனையோ கூட்டங்களில் கேட்டது போலவே கேட்டார்.

"என்னத்தா, ஒடம்பு சொகந்தானா?"

சுகந்தான் பெரியப்பா என்ற பதில் பழக்கத்தில் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"என் ஒடம்பு சொகமா இருக்கு பெரியப்பா. ஊருக்குத்தான் சொகமில்ல."

கூட்டத்துக்கு விளங்கவில்லை. அவள் உடம்புக்கும் ஊர் உடம்புக்கும் இடையில் வித்தியாசம் இருக்க முடியும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. நாச்சி எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டியை, பழத்தை, சக்கையை மென்ற மாட்டை. அடைக்கலம் பெயரை அவள் சொல்லவில்லை, அவனே எழுந்து நின்று சொன்னான். பிறகு அவள் வயிற்றிலிருப்பதைச் சொன்னாள். டாக்டர் ஷெரீன் முன்னால் வந்து, அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்றார்.

சலசலப்பு எழுந்தது. ஊரை அடகு வைத்துப் பிள்ளை பெற்றுக்கொள்கிறாளா என்று பின்வரிசையில் ஓர் ஆண் குரல் கேட்டது. வீட்டோடு மாப்பிள்ளை வந்து ஊருக்கே வினை வைத்தான் என்று இன்னொருவர் சொன்னார். முந்தின நாள்வரை மாப்ள, மாப்ள என்று அவனைக் கேலி செய்தவர்தான். அடைக்கலம் தலை குனிந்து நின்றான்.

பஞ்சவர்ணம் சின்னம்மா எழுந்து வந்து நாச்சியின் கன்னத்தைத் தடவினாள். தன் பப்பாளியால் வந்ததைக் கேட்டு அழுத கண்கள் இன்னும் ஈரமாக இருந்தன.

"எங்க கண்ணுல்ல நீ. இப்பத்தானே நாள் தள்ளியிருக்கு. உருவமே வந்திருக்காது. ஒரு எட்டு ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்துட்டா எல்லாம் பழையபடி ஆயிடும். அப்புறம் பெத்துக்கலாம்த்தா. ஒனக்கென்ன வயசா போச்சு?"

அந்தக் குரலில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. வௌவாலுக்குப் பழம் கட்டிய அதே அன்புதான் அதிலும் இருந்தது. பல தலைகள் ஆமாம் என்று மெல்ல அசைந்தன. எல்லாருக்கும் வசதியான வழி ஒன்றை யாரோ வாய் திறந்து சொல்லிவிட்ட நிம்மதி கூட்டத்தில் பரவுவதை நாச்சி பார்த்தாள். அம்பலத்தின் மகள், கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள், மடியிலிருந்த குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவள் மட்டும் தலையசைக்கவில்லை.

நாச்சி சின்னம்மாவின் கையைக் கன்னத்திலிருந்து எடுத்து, கீழே விடாமல் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கேட்க வேண்டியதை அவள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மரத்தடியில் உட்கார்ந்தபடி, கொட்டில்களுக்குப் போகும் வழியில், அடைக்கலம் தூங்கிய பிறகு. நயமாக, கோபமாக, அழுதபடி. ஒவ்வொரு முறையும் கடைசியில் தெரிவது யாருமே எழுந்திருக்காத ஒரு கூட்டம்தான். அந்தக் கூட்டம் இப்போது அவள் முன்னால் உட்கார்ந்திருந்தது. பயம் போய்விடவில்லை. வயிற்றில் ஒன்று, தன்னை எதிர்க்காத இடமென்று நம்பி வளர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் பலகையைப் பார்த்தார்கள்.

"இத்தன வருசம் நான் உங்க யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல" என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "இப்பக் கேக்குறேன். எனக்கு இந்தப் புள்ள வேணும். உங்கள்ல யாராச்சும் ஒருத்தர், ஆம்பளையோ பொம்பளையோ, எந்திரிச்சு என் எடத்துக்கு வாங்க."